அக்கா புத்தகம் வைத்த இடங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும், "என்னப்பா, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே" என்று நினைத்திருப்பீர்கள். அச்சகத்துக்காரரும் அதையேதான் கேட்டார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே கடைசிப் பக்கத்துக்குப் போகலாம். அக்காவும் எந்தப் புத்தகத்தையும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

அக்கா கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு ஏழு வயது இளையவன். ஒன்பதாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. அந்த வருடம் அம்மா நோயில் படுத்துவிட்டார். வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை. வகுப்பு முடிந்ததும் பாடப் புத்தகங்களை அடுத்து வரும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து கேட்டபோது அக்கா மறுத்துவிட்டார். "நான் இன்னும் படிச்சு முடிக்கல பெரியம்மா" என்றார். பிறகு யார் கண்ணிலும் படாமல் இருக்க, காலியாக இருந்த நெல் குதிருக்குள் புத்தகங்களைப் போட்டு வைத்தார். அறுவடை நாளில் அப்பா பார்க்காமல் அதன்மேல் நெல்லைக் கொட்டிவிட்டார். அக்கா அழுதார், ஆனால் வாய் திறக்கவில்லை. குதிர் காலியாகி, அடியிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கம்கூட அரிபடாமல் இருந்தது. "மூடுன இடத்துல வச்சா புத்தகம் பிழைச்சுக்கிரும்டா தம்பி" என்று அன்று சொன்னார். பின்னால் அவர் செய்த அத்தனை வேலைக்கும் அந்தக் குதிர்தான் பிள்ளையார் சுழி.

திருமணமாகிப் போடிக்குப் போனார். மாமா சரக்கு ஆட்டோ ஓட்டினார். அக்கா ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருடம் அதையே செய்தார். வீடு என்பது ஒரு ஹால், ஓர் அடுப்படி, மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் பழைய பேப்பர் கடையிலிருந்தும், வீரபாண்டித் திருவிழாவில் சாக்கு விரித்து விற்பவர்களிடமிருந்தும் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. "திருவிழாவுக்குப் போனா மத்த பொம்பளைக வளையல் வாங்கிட்டு வாராக. இவ அட்டை இல்லாத புத்தகமாப் பாத்துத் தூக்கிட்டு வாரா" என்று மாமா ஊரெல்லாம் சொல்வார். சொல்லிக்கொண்டே அவற்றை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

வைக்க இடம்? சுருளிப்பட்டித் தோட்டங்களுக்கு மாமா வாடகைக்குப் போகும்போது, உடைந்த மரத் திராட்சைப் பெட்டிகளைச் சும்மா கொடுப்பார்கள். அக்கா அவற்றை ஆணி அடித்துச் சரிசெய்து, பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியால் கட்டினார். படிக்கட்டின் அடிப்பகுதி நிரம்பியது. கதவு நிலைக்கு மேல் ஒரு பலகை ஏறியது. கடைசியில் கட்டிலின் நான்கு கால்களையும் அறுத்துவிட்டு, பெட்டிகளின் மேலேயே சட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டார். "உங்கக்கா படிக்கிறா, நான் அதும்மேல தூங்குறேன். படிப்பு எனக்கும் கொஞ்சம் ஏறும்ல மாப்ள?" என்பார் மாமா.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. உத்திரத்துக் கொக்கியில் பழைய சேலையால் தொட்டில் கட்டி, ஒட்டுப் போட்டுக் காயவேண்டிய புத்தகங்களை அதில் போட்டிருந்தார். வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், "தொட்டில் தொங்குதே, விசேசமா?" என்று கேட்டார். "ஆமா, எட்டுப் பிள்ளைக. எல்லாத்துக்கும் முதுகு ஒடிஞ்சு கெடக்கு" என்றார் அக்கா. கேட்டவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அக்கா அடுப்படிக்குள் போய், வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிரிட்ஜ் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கம்ப்ரசர் போய், மெக்கானிக் கைவிரித்த அன்றே அக்கா அதைத் துடைத்துப் புத்தகம் அடுக்கிவிட்டார். எலி நுழையாது, கரையான் ஏறாது, ஐப்பசியில் மலையிலிருந்து இறங்கும் ஈரமும் ரப்பர் விளிம்பைத் தாண்டாது. முட்டை வைக்கும் குழிகளில் பசை டப்பா, ஊசி நூல், பூச்சிக்கு வசம்புத் துண்டு. தாகத்தோடு வந்த விருந்தாளிகள் திறந்து பார்த்துத் திகைத்து நிற்பார்கள். "தண்ணி பானையில இருக்கு. இது படிக்கிற பிரிட்ஜு" என்பார் அக்கா.

அடுக்கும் முறையும் ஸ்டோரிலிருந்து வந்ததுதான். ஏலக்காயைச் சல்லடையில் சலித்து, எட்டு மில்லி, ஏழு மில்லி என்று மில்லிமீட்டர் கணக்கில் பருமன் பார்த்துப் பிரிப்பார்கள். அக்கா புத்தகங்களையும் அப்படியே பிரித்தார். உயரமானது எட்டு மில்லி, கைக்கு அடக்கமானது ஏழு மில்லி, மெல்லியவை பொடி. துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பு நிற்கும். தேனியில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கியே காலம் கழித்த எனக்கு, அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அக்காவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் வந்தது. வைத்தியம் பார்த்தோம். வீட்டுக்குள் அவர் தட்டுத் தடுமாறாமல் நடந்ததால், பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாலையானால் அக்காவே எழுந்துபோய் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து மாமாவிடம் கொடுப்பார். ஐந்தாம் வகுப்பு படித்த மாமா எழுத்துக் கூட்டி வாசிப்பார். அக்கா கேட்டுக்கொண்டே தவறுகளைத் திருத்துவார்.

இனிச் சொல்லப்போவது என் தவறு. நினைவு மலரில் எழுதுவதா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதுங்க மாப்ள, அவ சொல்லாம விட்டத நீங்க சொல்லுங்க" என்றார்.

அக்காவும் மாமாவும் இரண்டு நாள் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிகள் இரண்டை இறக்கினேன். திராட்சைப் பெட்டிகளை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்தேன். பிரிட்ஜைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன். கட்டிலுக்குப் புதுக் கால் வைத்தேன். எல்லாப் புத்தகங்களையும் எழுதியவர் பெயரின் அகர வரிசையில் அடுக்கினேன். அக்காவின் முகம் மலரப்போவதை எண்ணி, மதியச் சோறுகூடச் சாப்பிடாமல் வேலை பார்த்தேன். அக்கா வந்தார். கண்ணாடியை ஒருமுறை தடவினார். "வழவழன்னு இருக்குடா தம்பி. நல்லாருக்கு" என்றார்.

நான்கு மாதம் கழித்து மாமா போனில் பேசினார்.

"உங்கக்கா புத்தகமே எடுக்குறதில்ல மாப்ள. நான் வாசிக்கவான்னா, உங்களுக்குத் தொண்டை வலிக்கும், வேணாம்ங்கிறா."

அந்த ஞாயிற்றுக்கிழமை போடிக்குப் போனேன். வாசலில் நான் நிற்பது அக்காவுக்குத் தெரியவில்லை. அலமாரியைத் திறந்து, புத்தக வரிசையின் மேல் விளிம்பில் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை உருவித் தடவிப் பார்த்தார், திரும்ப வைத்தார். இன்னொன்றை உருவினார், அதையும் வைத்தார்.

"என்ன புத்தகம்க்கா? சொல்லு, எடுத்துத் தாரேன்" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பி, "இல்லடா, எங்கன வச்சேன்னு மறந்துபோச்சு. வயசாகுதுல்ல" என்று சிரித்தார்.

மாமா அடுப்படியிலிருந்து, "மறக்கல. வச்சது நீ இல்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவுக்கு எழுத்து கண்ணில் தெரிவது நின்று மூன்று வருடம் ஆகியிருந்ததை மாமா சொன்னார். உயரமும் இடமும்தான் அவருக்குப் பெயரும் தலைப்பும். அதை நான் இரண்டே நாளில் கலைத்துப்போட்டிருந்தேன். தம்பி ஆசையாகச் செய்ததைக் குறை சொல்லக்கூடாது என்று, படிப்பையே விட்டுவிட்டார். அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "ஏலே, அலமாரி நல்ல அலமாரிடா. சேலை வச்சுக்கிறேன்" என்றார்.

மரப்பெட்டி இப்போது எங்கே கிடைக்கிறது? எல்லாம் பிளாஸ்டிக் கிரேட். கம்பம் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கேட்டு, பழைய பெட்டிகள் கொஞ்சம் சேர்த்தேன். பிரிட்ஜுக்கு இரும்புக் கடைக்கு ஓடினேன்.

"அது அன்னிக்கே லோடுல போயிருச்சுண்ணே. நல்லா ஓடுறது ஒண்ணு வந்திருக்கு, பாக்குறீகளா?"

"ஓடாததுதான் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், ஒரு பிரிட்ஜைத் தானே கழுவி, தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினார். கதவு எதிர்ப்பக்கம் திறந்தது. அக்கா முதல் நாள் தவறான பக்கம் இழுத்துப் பார்த்து, "எடக்கைப் பழக்கமுள்ள பிரிட்ஜா இது?" என்று வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு புத்தகங்களைத் தரையில் குவிக்கச் சொல்லி, நடுவில் உட்கார்ந்துகொண்டார். நாள்கணக்கில் அவர் கை மட்டும் பேசியது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஓரிடத்தையும் நான் தீர்மானிக்கவில்லை.

அதன்பின் இரண்டு வருடம் மாமாவின் தொண்டைக்கு ஓய்வில்லை. போன வருடம் அக்காவுக்கு இருதயம் பலவீனமாகி, தேனி மருத்துவமனையில் சேர்த்தோம். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "பிரிட்ஜுல ரெண்டாந்தட்டு. எடது ஓரத்துலருந்து நாலாவது. எடுத்துட்டு வாடா" என்றார். போடிக்குப் போய்த் திறந்து எண்ணினேன். அங்கேயே இருந்தது. நெல்லுக்கு அடியில் கிடந்த ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். மாமா அருகில் உட்கார்ந்து வாசித்தார். கடைசிப் பாடம் முடிவதற்கு முன்பே அக்கா போய்விட்டார். மிச்சத்தை வீட்டில், அக்காவைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து மாமா வாசித்து முடித்தார். பிறகு புத்தகத்தை அக்காவின் கையிலேயே வைத்து அனுப்பினார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த ஸ்டோர் சகோதரிகளுக்கும், பதினாறு நாளும் தங்கள் வீட்டை எங்களுக்குத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், பிரிட்ஜ் தந்த இரும்புக் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவிடம் வாங்கிப்போன புத்தகங்களை வைத்திருப்பவர்கள் திருப்பித் தர வேண்டாம், படித்தால் போதும்.

"நினைவு மலர இந்த அளவுல யாரும் அடிக்கமாட்டாகண்ணே" என்றார் அச்சகத்துக்காரர். அளவு நான் தீர்மானித்ததல்ல. அந்தத் தமிழ்ப் புத்தகம் இருந்த இடம் இரண்டாம் தட்டில் காலியாக இருந்தது. மாமாவும் நானும் நூல் பிடித்து, பக்கத்தில் நிற்கும் புத்தகங்களின் உயரத்தை அளந்து கொடுத்தோம். எங்கள் பிரதி இன்று அங்கே நிற்கிறது.

இடது ஓரத்திலிருந்து நாலாவது, அக்கா. இனி எதையும் நான் இடம் மாற்ற மாட்டேன்.