நுரைக்கும் கல், நுரைக்காத கல்

வண்ணமீன் வியாபாரத்தில் மீனை விற்பது சுலபம். விற்ற மீன் உயிரோடு இருக்கிறது என்று அடுத்த வாரம் கேள்விப்படுவதுதான் கஷ்டம். பாலக்காட்டிலிருந்து கோயமுத்தூர் போகிற ரோட்டில், கஞ்சிக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் கடை. எங்களுடையது துணி, மளிகை, இரும்புச் சாமான் என்று எல்லாம் விற்ற ராவுத்தர் குடும்பம். அதில் எதுவும் வாங்கிப் போனவர் வீட்டில் செத்துப் போனதில்லை. உயிருள்ள சரக்கில் கை வைத்த முதல் ஆள் நான்தான்.

எதையாவது விற்றுப் பிழைக்கிறவர் யாராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். என் கடை மீன்களில் நோய் வந்து செத்தவை கொஞ்சம்தான். பெரும்பாலும் காரணம் கல். தொட்டி அழகாக இருக்கட்டும் என்று கண்ட கல்லையும் பொறுக்கி வந்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். பழி மட்டும் கடைக்கு வருகிறது.

பொங்கிய நுரை

சித்தூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவர் ஒருவர் நியான் டெட்ரா வாங்கிப் போனார். நீலமும் சிவப்புமாக மின்னுகிற சின்ன மீன். தண்ணீர் கொஞ்சம் மாறினாலும் தாங்காது. வாளையார்ப் பக்கம் பொறுக்கிய வெள்ளைக் கற்களைத் தொட்டியில் வைக்கலாமா என்று போனில் கேட்டார். கல் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், மெல்லக் கரைந்து தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னேன். சரிங்க, சரிங்க என்றார்.

அடுத்த வாரம் செத்த மீன்களை ஒரு கவரில் போட்டு எடுத்துவந்து என் மேஜை மேல் வைத்தார். வினிகர் விட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"உட்டனுங்க. நல்லா நொரை பொங்குச்சு. அழுக்கெல்லாம் போயிருச்சுன்னு, அப்புறந்தானுங்க உள்ள வெச்சேன்."

ஒட்டிய காந்தம்

மண்டபத்துக்காரர் அத்தோடு விடவில்லை. பந்திக்கு வந்தவர்களிடமெல்லாம் "ராவுத்தர் கடை மீனு தங்காதுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த மண்டபத்தில் கை நனைக்காத குடும்பம் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. முகூர்த்த மாசம் முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு மீன் கடைக்கு இதைவிடக் கேடான பேச்சு வேறில்லை. எப்படியாவது பேரைக் காப்பாற்றியாக வேண்டும் என்று வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு போர்டு வைத்தேன்: கல்லைக் காட்டிவிட்டுத் தொட்டியில் வையுங்கள், பார்த்துச் சொல்வது இலவசம்.

முதலில் வந்தவர் கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவர். கறுப்பாக, பளபளப்பாக, ஓட்டை ஓட்டையாக ஒரு மூட்டை கல். எரிமலைக் கல் மாதிரியே இருக்குதுங்க என்றார் பெருமையாக. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இது கல்லே இல்லை, உங்கள் உலையில் ஒதுங்குகிற கசடு, இதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறதோ, தண்ணீரில் இறங்கினால் மீன் பிழைக்காது என்றேன். மூட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"இரும்புச்சத்து வேணும்னு எங்கூட்டுல அத்தன பேருக்கும் டாக்டர் மாத்திரை எழுதறாருங்க. மீனுக்கு மட்டும் ஆகாதுங்களா?"

சோப்பு வேண்டாம்

எலப்புள்ளியிலிருந்து ஒரு அம்மா ஆற்றுக் கூழாங்கல் கொண்டுவந்தார். வினிகருக்கு நுரைக்கவில்லை, காந்தம் ஒட்டவில்லை. அருமையான கல். வெறும் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேயுங்கள், சோப்பு மட்டும் படவே கூடாது என்றேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒப்பித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மீன் வாங்கிப்போன மறுநாளே போன் வந்தது: எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கிறதாம். சோப்பு போட்டீர்களா அம்மா என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"அய்யோ, சோப்பத் தொடவே இல்லைங்க. பாத்திரம் வெளக்கற லிக்விட்தான் கொஞ்சூண்டு ஊத்துனேன்."

ஓடைக் கல்

மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, இப்போது பாலக்காட்டில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற தம்பி ஒருவர், ஊருக்குப் போன இடத்தில் ஒரு கல் எடுத்துவந்திருந்தார். மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஓடுகிற ஓடையில் கிடந்ததாம். மகளுடைய தொட்டிக்கு. நல்ல கருங்கல்; எல்லாச் சோதனையிலும் தேறியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தேயிலைக்கு மருந்து அடிப்பார்களா என்று கேட்டேன். அடிப்பாங்க என்றார். அப்படியானால் மழையில் அதெல்லாம் ஓடைக்குத்தான் வரும், இந்தக் கல் மீனுக்கு ஆகாது என்று பெரிய மேதாவி போலச் சொன்னேன். அவர் கல்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஓடைத் தண்ணியத்தான அண்ணே எஸ்டேட் லயத்து வீடுகள்ல எல்லாரும் குடிக்கோம். எங்கம்மா இன்னைக்கும் அதத்தான் கொடத்துல எடுத்துட்டு வருது. மீனுக்கு ஆகாதுன்னா, எங்களுக்கு எப்படிண்ணே ஆவுது?"

சொன்னபடி கேட்டவர்

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், கல்லோடு வந்தவர்களிடம் எங்கே எடுத்தது என்று கேட்க எனக்கு வாயே வரவில்லை. கடையை மூடிவிடலாமா என்றுகூட இருந்தது. அப்போதுதான் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் வந்தார். நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார். நுரைத்த கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கல் கொண்டுவந்தார். வெறும் தண்ணீரில் தேய்த்தார். மீன் இல்லாமலே பில்டரை ஓடவிட்டு, தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டினார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவரைப் பற்றித்தான் பேச்சு. என் மனைவி ஜமீலாவுக்குச் சலித்துவிட்டது. இந்தக் கொழிஞ்சாம்பாறைக்காரர் தொட்டியில் என் மீன் நாலு மாசம் நீந்தினால் போதும், ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை. இருந்ததிலேயே திடமான நியான் டெட்ராக்களைப் பொறுக்கி, அவருக்கென்று தனித் தொட்டியில் விட்டு, வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தார். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதுங்க, பாருங்க என்று போனை நீட்டினார். நான் வலையைக் கையில் எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். கற்கள் அவ்வளவு அழகாக இருந்தன. கற்களுக்கு நடுவே நியான் டெட்ராக்கள் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அவருக்கென்று நான் வைத்திருந்தவை என் முதுகுக்குப் பின்னால் தொட்டியிலேயே இருந்தன.

"மீனு கோயமுத்தூர்ல வாங்கிட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, ராவுத்தரே. கல்லுக்கு உங்களாட்ட ஆளு கெடையாதாமா, மீனுக்குத்தான் வேற கடை பாக்கோணுமாமா. மண்டபத்துக்காரர் சொன்னாருங்க."

துணியும் மளிகையும் விற்றுப் பேர் வாங்கிய எங்கள் குடும்பத்தில், விற்காத சரக்குக்கு நல்ல பேர் வாங்கிய முதல் ஆளும் நான்தான்.