எடுக்காமல் விட்ட கழுத்து லைன்

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்றதும், "எத்தனை உயிரைக் காப்பாத்தியிருப்பீங்க!" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முட்டி வலியைப் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பதில் சொல்வேன்.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி இப்போது இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு கட்டில்கள். பகலில் இரண்டு நர்ஸுகள் என்று பெயர். இன்னொருத்தி வாரத்தில் பாதி நாள் லீவு, அதனால் பெரும்பாலும் நான் ஒருத்திதான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிப் போன நாட்கள் உண்டு. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன், வேறெப்படிச் சொல்வது?

அங்கே வந்த நோயாளி ஒருவர், கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர். கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்ட வந்த இடத்தில் வயிற்று வலி. குடல் ஓட்டையாகிவிட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து எங்களிடம் கொண்டுவந்தபோது கழுத்தில் ஒரு பெரிய ரத்தக்குழாய்க்குள் லைன் போட்டிருந்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. மருந்து, குளுக்கோஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், சோதனைக்கு ரத்தமும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வரம். உயிர் தேறும்வரை அது வேண்டும். தேறிய பிறகும் அங்கேயே கிடந்தால் கிருமிக்கு அதுவே வாசல். இது எனக்குப் படித்த நாளிலிருந்து தெரியும்.

ஐந்தாம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு மடக்குக் கஞ்சித் தண்ணீர் குடித்தார். காலை ரவுண்டில் டாக்டர், கழுத்து லைனை எடுத்துவிட்டு, மருந்து ஏற்றக் கையில் ஊசி போட்டுவிடச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுத்து பிளாஸ்திரியில் கை வைத்தேன். வீட்டுக்காரர்கள் வந்து பார்க்கிற நேரமாதலால் அவர் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் எல்லாத்தையும் புடுங்கிட்டு, வூட்டுக்கு இட்டுக்கினு போங்கன்னாங்க. மலை ஏறதுக்குள்ள உசுரு போயிடுச்சி. இத மட்டும் புடுங்காதீங்கம்மா."

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது அப்படித்தான். பாட்டில் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது, குழாயை எடுத்தால் கைவிட்டுவிட்டார்கள். அவள் பயத்தில் தப்பே இல்லை. இது தேறியதால் எடுப்பது, உன் அண்ணனுக்கு இனி முடியாது என்று எடுத்தது என்று உட்கார்ந்து விளக்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் மூன்றாவது கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லைனை எடுத்துவிட்டால் அந்த வற்றிப்போன கைகளில் வேளைக்கு வேளை ஊசிக்கு இடம் தேடவேண்டியவள் நான்தான். அவள் கெஞ்சியது எனக்கு வசதியாகப் போயிற்று. சரிம்மா, எடுக்கலை என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் வெளியே போன பிறகு தேடிப் பார்த்தும் கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று அவளிடமும் டாக்டரிடமும் சொன்னேன். கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினேன். இங்கே எல்லா நர்ஸும் தினம் எழுதுகிற வரிதான், யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

ஒன்பதாம் நாள் குளிர் ஜுரம் வந்தது. கட்டில் ஆடும்படி நடுக்கம். மருந்தை மாற்றினார்கள், அதைவிடப் பெரிய மருந்துக்குப் போனார்கள், ஜுரம் அசையவில்லை. ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்க வெளியூர் லேபுக்கு அனுப்பினோம். பதில் வர மூன்று நாள் ஆயிற்று. பாக்டீரியா இல்லை, ஈஸ்ட் என்று வந்தது. பூஞ்சை. ஈரக் கரண்டி போட்ட ஊறுகாயில் பூப்பது தெரியும், மனுஷன் ரத்தத்தில் இப்படிப் பூத்து நான் அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் ஏற்றிய பெரிய மருந்தெல்லாம் அதை ஒன்றும் செய்யாது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, லைன் இன்னுமா இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அவரே கையுறை போட்டுக்கொண்டார். மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு லைனை உருவி எடுத்தார். கண்ணாடிக் கதவு வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பூஞ்சைக்கான மருந்தைச் சேலத்திலிருந்து வரவழைத்து, கையில் ஊசி போட்டு ஏற்றினோம். இடது முழங்கையில் நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. அந்த மருந்து ஏற்றத் தொடங்கிய ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் போய்விட்டார்.

குடல் ஓட்டை, அத்தனை ஆன்டிபயாடிக், உடம்பில் சத்தில்லை, லைன் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

பிறகு ஒரு நாள், ஏதோ சான்றிதழுக்காக அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாத்துக்கினு இருந்த வரைக்கும் நல்லாதாம்மா இருந்தாரு. அந்த டாக்டரு புடுங்குனாரு, போயிட்டாரு."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். அப்படியே அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் பேச்சை நிறுத்தவில்லை. தங்கச்சி மகளுக்குப் பிரசவ ஆபரேஷனாம், வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் கழுத்தில் இதே மாதிரி போட்டிருக்கிறார்களாம். பத்து நாளாகிறதாம். நர்ஸுங்க எடுக்க வந்தால் விடாதே, காலில் விழுந்தாவது நிறுத்து என்று தங்கச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். அவங்களும் நேத்து எடுக்க வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாங்கம்மா என்றாள், சந்தோஷமாக.

அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். அன்றைக்குக் கொடுக்காத ஐந்து நிமிஷத்தை அப்போது கொடுத்தேன். தேறினால்தான் எடுப்பார்கள், எடுக்காமல் விட்டால் அதிலேயே கிருமி ஏறும், உன் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஏறியது, ஐந்தாம் நாளே நான் எடுத்திருக்க வேண்டும் என்றேன்.

"கையில நரம்பு கெடைக்கலன்னு சொன்னீங்களே."

"நான் தேடவே இல்லம்மா."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. போனைக் கொடுக்கச் சொன்னாள். தங்கச்சியைக் கூப்பிட்டு, கழுத்து ஊசியை எடுக்க வந்தால் தடுக்காதே, நீயே போய்க் கேட்டு எடுக்கச் சொல் என்றாள். குரல் நடுங்கவில்லை. எதற்கு என்று அங்கிருந்து கேட்டிருப்பார்கள் போல, அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டாள். போனை என் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள். வரேன் சிஸ்டர் என்றாள். அதுநாள்வரை என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.