அபிநயா எழுதிய வரிகள்

லாரி எடைமேடையில் ஏறி நிற்பதற்குள் தீனதயாளன் இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிவிடுவார். எடைச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்து மூன்றாவது வரி. உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரம் கரும்பு லாரிக்கு எடை போடும் இந்த மனிதர், முகம் தெரியாத தன்னார்வலர்கள் சேர்ந்து இலவசமாகத் தரும் ஒரு கணினி இயங்குதளத்தின் பொறுப்பாளர்களிலும் ஒருவர். மற்றவர்கள் அனுப்பும் எந்த நிரலையும் தானே ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். "லாரிக்காரன் பத்து டன்னுன்னா நம்பறது இல்ல. ஜெர்மனிக்காரன் சரி பண்ணிட்டேன்னா மட்டும் நம்பணுமா?" என்பார்.

அந்த இயங்குதளத்திலிருந்து பைத்தான் நிரல்மொழியின் பழைய இரண்டாம் பதிப்பை அடியோடு நீக்க வேண்டும் என்று கொடி பிடித்தவரே அவர்தான். அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஆளில்லை. "செல்லம் குடுத்து வெச்சிக்கினு இருந்தா என்னிக்கினா ஒருநாள் திருடன் பூந்துடுவான்." பழைய பதிப்பை நம்பி ஓடிய நாற்பது பேருடைய நிரல்களைச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து புதிய பதிப்புக்கு மாற்றியும் கொடுத்தார்.

மிச்சம் ஒன்றே ஒன்று, ஒரு வாய்ப்பாடு விளையாட்டு. மகள் தனுஷா மூன்றாவது படிக்கையில் அவர் மனைவி அபிநயா எழுதி அந்த இயங்குதளத்தில் சேர்த்தது. பிள்ளை சரியாகச் சொன்னால், "அடி என் தங்கமே, இன்னொன்னு போடலாமா?" என்று திரையில் வரும். தப்பாகச் சொன்னால், "அழாத, எனக்கும் ஏழாம் வாய்ப்பாடு வராது." அபிநயா இறந்து மூன்று வருஷமாகிறது.

"அரை மணி வேலைதானே, மாற்றிவிடலாமே?" என்று, எடைமேடைக்கு அவரைப் பார்க்கப் போன நான் கேட்டுத் தொலைத்தேன்.

திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கிறது. மேலிருந்து கீழ்வரை அபிநயா, அபிநயா. புதிய பதிப்புக்கு மாற்றுவதென்றால் திரையில் பேசுகிற வரிகளைத்தான் முதலில் திருத்த வேண்டும். "அவ பேசற வரில எல்லாம் என் பேரு வந்துடுங்க. நாலு வாட்டி ஒக்காந்தேன். கைய வெக்க முடியல."

மாற்றாததை நீக்கியாக வேண்டும். ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய வாய், தனக்கு மட்டும் விலக்குக் கேட்கக் கூசியது. நீக்குமுன் எழுதியவருக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் காத்திருப்பது அவர்கள் வழக்கம். எல்லாருக்கும் அனுப்பியதுபோல அபிநயாவின் முகவரிக்கும் மடல் போட்டார். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மறுபடி போனது பதினைந்தாம் நாள். மணலூர்பேட்டைக் கரும்போடு மேடையில் நின்ற டிரைவர் பச்சமுத்து ஹாரன் அடித்தார். "இன்னாண்ணே, மேடை மேலயே குடித்தனம் பண்ணச் சொல்றியா?"

"இரு பச்சமுத்து, வந்துட்டேன்," என்றபடியே தீனதயாளன் நீக்கும் கட்டளையை அனுப்பினார்.

மேஜை இழுப்பறைக்குள் ஏதோ அதிர்ந்தது. ஒரு நிரலை நீக்கினால் எழுதியவருக்கு அறிவிப்பு தானாகவே போகும். இழுப்பறையைத் திறந்து அபிநயாவின் போனை எடுத்தார். செய்தியைத் திறக்கவில்லை. சட்டை நுனியால் திரையைத் துடைத்து, சார்ஜில் போட்டார்.