மூன்றாவது புகார்

செம்பூரில் ஒரு தகரக் கொட்டகையில் நாங்கள் பதினோரு பேர் வயர்லெஸ் செட் செய்துகொண்டிருந்தோம். ‘நாங்கள்’ என்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். செய்தவர்கள் மற்றப் பத்துப் பேர், நான் டைப்பிஸ்ட். மாட்டுங்காவில் வீடு. கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்து ஒன்பது மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தால் சாலிடரிங் புகையில் முதலில் தொண்டை கரகரக்கும், பிறகுதான் கண் தெரியும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. தீயணைப்பு வண்டி ஒன்று நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் பல நேரம் அதோடு பேச வழி கிடையாது. இன்னொரு வண்டி தேவைப்பட்டால் ஓர் ஆள் ஓடிப்போய் ஏதாவது இரானி ஹோட்டலில் டெலிபோன் தேட வேண்டும். அதனால் வண்டிகளில் வயர்லெஸ் வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் விற்க வந்தவர்கள் ஈயாய் மொய்த்தார்கள். கோட்டைப் பகுதியிலிருந்து டை கட்டிய ஏஜெண்ட் ஒருவர் வெளிநாட்டுச் செட்டோடு வந்தார். அதற்கு இம்போர்ட் லைசென்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த இடுக்கில்தான் எங்கள் முதலாளி தலையை நுழைத்தார்.

முதலாளி பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்த பாலக்காட்டுக்காரர். நல்ல மனிதர், கோபம் வராத நேரங்களில். எங்கள் செட் ஒன்றை ஒரு நிலையத்தின் வண்டியில் மூன்று மாதம் சோதனைக்கு வைக்க அனுமதி வாங்கிவிட்டார். நிபந்தனைகளை டைப் அடித்தவள் நான் என்பதால் இன்றைக்கும் மனப்பாடம். மூன்றாவது புகார் வந்தால் செட்டைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும், ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுத்தான்.

முதல் புகார் இரண்டாம் மாதம் வந்தது. வண்டியிலிருந்து பேசினால் நிலையத்தில் கேட்கவில்லை. எங்கள் மெக்கானிக் போய்ப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துப் பார்த்தார். மணி அடித்த மாதிரி பேசியது. திரும்பக் கொண்டுபோய் மாட்டினார், அங்கேயும் பேசியது. மூன்று வாரம் கழித்து அதே புகார், அதே கழற்றல், அதே முடிவு. ‘பேய் பிடிச்சிருக்கு’ என்றார் மெக்கானிக்.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, ஃபைலில் உண்டு. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் திங்கட்கிழமை எழுதியவை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அங்கே என்னதான் நடக்கிறது என்று முதலாளியிடம் கேட்டேன். “உன் வேலையப் பாரு” என்றார். சரி, இதுதான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு காலை அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் போனேன். கம்பெனிப் பெண் என்றதும் உள்ளே விட்டார்கள். முற்றத்தில் எங்கள் செட் இருந்த வண்டியைக் கழுவி, பித்தளைக் குழாய், பித்தளை மணி, பித்தளைக் கைப்பிடி என்று ஒன்று விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார் ஒரு தீயணைப்புக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

“என்னம்மா அப்படிப் பாக்குதிய?”

வண்டிக் கூரையில் எங்கள் ஏரியல் கம்பி நிற்கும் அடிக்கிண்ணத்தையும் அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். அதுவும் பித்தளை. பார்வையாக இருக்கட்டும் என்று முதலாளி ஆசை ஆசையாகச் செய்யச் சொன்னது. கிட்டே போனதும் மூக்கில் ஏறியது புளி வாசனை.

“சில வாரம் பாலிஷ் டப்பா வரவே மாட்டேங்கு. அப்பல்லாம் வீட்லேருந்து புளியும் உப்பும் கொண்டாந்து தேய்க்கேன். கொஞ்ச நேரத்துல ஆபீசர் பாக்க வருவாரு. ஒரு புள்ளி கறுப்பு இருந்தாலும் ஏசுவாரு” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குத் தேய்ப்பவள் நான். எவ்வளவு அலசினாலும் புளி இடுக்கில் போய் அடைந்துகொள்ளும். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கம்பிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கும் வெள்ளை வளையம், மின்சாரம் தாண்டக் கூடாது என்று வைத்தது, முழுக்கப் புளியும் உப்பும் ஈரமாக அப்பிக் கிடந்தது. ஈரம் காயும்வரை பேச்சு கம்பி வழியாக வெளியே போகாமல் வண்டி உடம்பிலேயே இறங்கிவிடும். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் கழற்றிப் போனது கீழே இருந்த பெட்டியைத்தான். கூரையை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. வளையத்தைத் துடைப்பதற்குள் ஆபீசர் வந்துவிட, என்னை இறக்கி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சொல்லிவைத்தாற்போல் மூன்றாவது புகார் வந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் முகம் பளிச்சென்று மாறியது.

“அப்போ தப்பு அவாளோடது! எடு நோட்டை.”

கடகடவென்று சொன்னார். செட்டில் குறை எதுவும் இல்லை, நிலைய ஊழியரின் கவனக்குறைவுதான் காரணம், சம்பந்தப்பட்டவர் மேல் நடவடிக்கை எடுத்து, புகாரை ரத்து செய்ய வேண்டும். என் பென்சில் நின்றுவிட்டது. அந்த மனிதர் டெம்பரவரி. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். நான் மோப்பம் பிடித்து வந்து சொன்ன சேதி அவர் சோற்றில் மண்ணைப் போடப் போகிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, முதலாளி மேல் பாதி, என் மேல் பாதி.

“இதை நான் அடிக்க மாட்டேன் சார். பித்தளையில செஞ்சது நாம. தீயணைப்பு வண்டியில பித்தளையைப் பார்த்தா தேய்க்காம இருப்பாளா?”

“ஆர்டர் போயிடும். பதினோரு பேர் தெருவுல நிப்போம். அதுல நீயும் ஒருத்தி.”

“தெரியும் சார்.”

அவர் கதவை அறைந்துகொண்டு வெளியே போனார். நான் மெஷினில் காகிதத்தைச் செருகினேன். ஏரியலின் அடியைப் பித்தளையில் செய்தது எங்கள் பிசகு, உங்கள் ஊழியர் தம் கடமையைத்தான் செய்தார், கறுப்புப் பூச்சும் ரப்பர் உறையும் போட்ட வேறு அடிப்பாகம் பதினைந்து நாளில் பொருத்தித் தருகிறோம் என்று அடித்தேன். பூச்சும் உறையும் முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டதற்கு அவர், “ரெண்டு நாள் போதும், ஆனா என் பேரை இழுக்காதே” என்றார். முதலாளி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ‘முதலாளிக்காக’ என்று அடித்து நானே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை நிலையத்தில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நாளைலேருந்து வராதே” என்றார் தாழ்ந்த குரலில். மறுநாள் ஒன்பது மணிக்கு நான் வழக்கம்போல் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் மேஜைக்கு வருவதற்குள் டெலிபோன் அடித்தது. நிலைய அதிகாரி. புகார் புகார்தான், ஆனால் குறையை ஒப்புக்கொண்டு எழுதிய கம்பெனியை இதற்கு முன் பார்த்ததில்லை, பதினைந்து நாள் தருகிறேன் என்றார். பதில் கடிதம் அடிக்க ஆள் வேண்டுமே, அதனால் என் வேலை தப்பியது. கறுப்பு அடிப்பாகம் நான்காம் நாளே வண்டியில் ஏறியது. இரண்டு ஞாயிறு போயிற்று, செட் ஊமையாகவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி. சோதனைக்காகக் கொட்டகையிலும் அதே அலைவரிசையில் ஒரு செட் ஓடிக்கொண்டிருக்கும். அதில் திடீரென்று இரைச்சலும் மணிச்சத்தமும் கேட்டன. தாராவியில் குடிசை வரிசை ஒன்று பற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு அந்தக் குரல், திருநெல்வேலி இழுவையில் இந்தி: “பானி கம் ஹை. ஔர் ஏக் காடி பேஜோ. பச்சா லோக் கலி மே ஹை.” தண்ணீர் போதவில்லை, இன்னொரு வண்டி அனுப்புங்கள், சந்துக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு நிலையத்திலிருந்து பதில் வந்தது, வண்டி கிளம்பிவிட்டது என்று.

எல்லோரும் வேலையை விட்டுவிட்டு செட்டைச் சுற்றி நின்றோம். அரை மணிக்கு மேல் ஆயிற்று. தீ அடங்கிவிட்டது, பிள்ளைகள் எல்லோரும் வெளியே என்று அதே குரல் சொன்னது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

“யாரு அந்த ஆள்?” என்றார் முதலாளி.

“புளி போட்டுத் தேய்ச்சவர்தான் சார்.”

அவர் தம் அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. கொட்டகையில் ஜிலேபி கொடுத்தார்கள். முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, நான் நிலையத்துக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டார். அதுவரை அவர் அதைப் படித்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“நான் எழுதியிருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டேன்” என்றார்.

“தெரியும் சார். அதனாலதான் நான் எழுதினேன்.”