குளித்தும் போகாத காப்பி மணம்

பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்திய பிறகும் நெஞ்சுக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்படித்தான் தொடங்கியது.

தென்காசியில் மருத்துவர் ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் கருவி) மாட்டிவிட்டார். நடுநடுவே கூடுதல் துடிப்பு இருந்தது, உயிருக்கு ஆபத்தில்லை. காப்பியை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். காப்பியைத்தானே சொன்னார் என்று நான் நாலு வேளையும் டீ குடித்தேன். அடுத்த முறை அதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். டீயிலும் கஃபீன் (மூளைக்கு அசதி தெரியாமல் மறைக்கும் பொருள்) உண்டாம்.

"எங்க வீட்டுக்காரரு என்னைவிடக் கூடக் குடிக்காரு. அவருக்கு ஒண்ணும் செய்யலையே, டாக்டர்?"

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீயையும் விட்டேன். என்னைப் போல விட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் வாரம் மண்டையைப் பிளக்கும். கண் திறந்திருக்கும், ஆள் விழித்திருக்க மாட்டோம். ஒரு பிளவுஸுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டிவைத்தேன். பைப் கடை வைத்திருக்கும் என் கணவர், "உனக்காக நானும் விட்டுட்டேன்ட்டி" என்றார். மனம் குளிர்ந்தது.

மூன்றாம் வாரம் தலைவலி போயிற்று. மூக்கு மட்டும் காப்பிக்கென்றே கூர்மையாகிவிட்டது. எதிர்வீட்டில் டிகாஷன் இறங்கினால் இங்கே தெரியும். அந்த வாரம்தான் அவர் மாலையில் கடையிலிருந்து நேராகக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் ஈரத் தலையோடு வந்து பேச வாயைத் திறந்தார். மணம் அடித்தது.

"யாரு வீட்டுல காப்பி குடிச்சீய?"

"அருவில தண்ணி நல்லா விழுது. குளிக்கத்தான் போனேன்."

"அங்கன காப்பியா விழுது?"

தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டார். ஐந்தருவிப் பாதையில் ஒரு கடையில் குடித்துவிட்டு, மணம் போகத்தான் தினமும் குளித்தாராம். வாய் கொப்பளிக்க மறந்துவிட்டார். எவளையாவது பார்க்கப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவர் நெஞ்சு மட்டும் காப்பியைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறதே, அதுதான் தாங்கவில்லை.

"இனிமே இங்கன, எம் முன்னால குடிங்க" என்றேன்.

இப்போது மாலைக் காப்பியை நானே போடுகிறேன். அவர் குடித்து முடிக்கும்வரை மணிக்கட்டில் என் நாடியைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் ஒரு காப்பிக்கும் அடுத்த காப்பிக்கும் நடுவில் பொழுது போவதே தெரியாது. இப்போது அந்த ஐந்து நிமிடம்தான் நாளிலேயே நீளம். பிறகு டம்ளரைக் கழுவுமுன் ஒருமுறை மோந்து பார்ப்பேன்.

நெஞ்சு தப்பாமல் அடிக்கிறது. வயிறுதான் எரிகிறது.