பெனிஷாவுக்கு வந்த பயம்

மயிலாடும்பாறையில் நிற்கும் நூற்றெட்டு ஆம்புலன்ஸில் பெனிஷாவுக்கு வேலை. வண்டியை ஓட்டுவது சுருளிராஜன். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து முதலுதவி பார்ப்பது அவள். வருசநாட்டு மலையடி ஊர்களில் அவளைத் தெரியாத வீடு குறைவு. பாம்பு கடித்தவனையும் பைக்கிலிருந்து விழுந்தவனையும் ஒரே நிதானத்தோடு ஏற்றுவாள். பாதி வழியில் யாருக்காவது பிரசவ வலி முற்றிவிட்டால் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டச் சொல்லி, பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டுத்தான் மறுபடி கிளம்பச் சொல்லுவாள். கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு பெண் குழந்தைக்குப் பெனிஷா என்றே பேர் வைத்திருந்தார்கள். சாமி பேரை விட்டுவிட்டு இவள் பேரை வைத்தார்கள் என்று சுருளிராஜன் போகிற இடமெல்லாம் சொல்லுவார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பயம் வந்தது.

வடுகபட்டிப் பூண்டு மண்டியில் வேலை பார்க்கும் சகாய பிரவீனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு பேரும் மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். முதல் சில மாதம் வாந்தியைத் தவிர ஒரு தொந்தரவும் இல்லை. மண்டியிலிருந்து பிரவீன் சட்டையில் கொண்டுவரும் பூண்டு வாசத்துக்கு மட்டும் அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள். அவன் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வருவான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

நான்காம் மாதம் ஒரு அழைப்பு வந்தது. வருசநாட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊரில் அன்னத்தாய் என்ற பெண். தலைப்பிரசவம், மாதம் நிறைந்திருந்தது. வண்டியில் ஏற்றியபோதே உதிரம் போய்க்கொண்டிருந்தது. பெனிஷா குளுக்கோஸ் ஏற்றினாள், காலை உயர்த்தி வைத்தாள், செய்வதையெல்லாம் அவள் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்னத்தாய் கண்ணைத் திறக்கவே இல்லை. க.விலக்கில் இருக்கும் அரசுப் பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு மூடிக்கொண்டது. அத்தோடு அவர்கள் வேலை முடிந்தது. திரும்பி வந்து வண்டித் தரையைக் கழுவியவள், கறை போன பிறகும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து தூக்கம் போனது. வயிற்றில் அசைவு தெரியத் தொடங்கிய பிறகு, பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு இடதுபக்கமாகப் படுத்து, அசைவுக்காகக் காத்துக் கிடப்பாள். வண்டியில் இருக்கும் பிரஷர் கருவியைத் தன் கையில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். அளவு சரியாக இருந்தால் கருவியில் கோளாறு என்று தோன்றும். சுருளிராஜன் கையில் கட்டிப் பார்ப்பாள். அவருக்கும் சரியாக இருந்தால், மறுபடி தன் கை.

ஜெயமங்கலத்தில் இருந்த அவள் அம்மா ஆரோக்கியம்மாள், கெட்டதை நினைக்கக் கூடாது, நினைத்தால் பிள்ளைக்கு ஆகாது, ஜெபமாலை சொல் என்றாள். அதற்குப் பிறகு நினைத்துவிட்டோமே என்பதும் ஒரு பயமாகச் சேர்ந்துகொண்டது. பிரவீனிடம் ஒருநாள் மெதுவாகப் பேச்செடுத்தாள். ஊருக்கே பிரசவம் பார்க்கிற நீ பயப்படலாமா என்று அவன் சிரித்தான். அவள் அதற்குமேல் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் மாதம் மறுபடி ஒரு பிரசவ அழைப்பு. அந்தப் பெண்ணை ஏற்றியாகிவிட்டது. பெனிஷா வண்டியின் பின்கதவைப் பிடித்தபடி கீழேயே நின்றாள். காலைத் தூக்கிப் படியில் வைக்க வரவில்லை. சுருளிராஜன் கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். பிறகு அவளாக ஏறினாள். அந்தப் பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. ஆனால் திரும்பும் வழியில் அவர் வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்தினார்.

“என்ன பண்ணுது தங்கச்சி, சொல்லு.”

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த அன்னத்தாய் செத்துப்போயிருப்பாண்ணே.”

“யாரு சொன்னாக?”

“யாரும் சொல்லல. அவ்வளவு ரத்தம் போச்சுல்ல.”

“நாம வாசல்ல விட்டுட்டு வந்துர்றோம். அதுக்கு மேல நடந்தது நமக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?” சுருளிராஜன் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். “ஒருவேளை செத்தே போயிருந்தாலும், போய்த் தெரிஞ்சுக்கிட்டு அழுதுட்டு வா. நீயா தெனமும் அவளைக் கொன்னுக்கிட்டு இருக்காத.”

அடுத்த விடுமுறை நாளில் அவள் பிரவீனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்பதை பஸ்ஸில்தான் சொன்னாள், ஆரம்பத்திலிருந்து, தரை கழுவியது முதல் கதவைப் பிடித்து நின்றதுவரை. வருசநாட்டில் இறங்கி, அன்றைக்கு ரோட்டோரத்திலேயே ஏற்றியிருந்ததால் வீட்டை விசாரித்து விசாரித்து, ஏற்றத்தில் நடந்து போனார்கள். அந்தத் தெரு முனைக்கு வந்ததும் பெனிஷா நின்றுவிட்டாள். பிரவீன்தான் முன்னால் போய்க் கேட்டான்.

அன்னத்தாய் வீட்டுக்குள் உட்கார்ந்து இலவம்பஞ்சிலிருந்து கொட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியிலெல்லாம் பஞ்சு. பக்கத்தில் சேலைத் தொட்டிலில் ஆண்பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. வந்தவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பெனிஷா, நான்தான் அன்றைக்கு ஆம்புலன்ஸில், என்று தொடங்கியதும் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள்.

“இந்தக் கொரலு எனக்குத் தெரியுமே, ஆத்தா.”

எழுந்து வந்து பெனிஷாவின் வயிற்றையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உட்காரவைத்து மோர் கொடுத்தாள். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்களாம்; பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் இருந்ததாம்; வீடு திரும்பவே வெகுநாள் ஆகிவிட்டதாம். இன்னமும் குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்றாள். எதையும் அவள் குறைத்துச் சொல்லவில்லை. பெனிஷாவுக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டாள்.

“பயமில்லாம இருக்குமா? உசுரு போகப்போகுதுன்னுதான் கெடந்தேன். ஆனா நீ, இப்ப ஊசி போடுறேன், இப்ப கடமலைக்குண்டு தாண்டிட்டோம்னு சொல்லிக்கிட்டே வந்தல்ல. அடுத்து என்னா சொல்லப்போறன்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன். அப்படியே ஆஸ்பத்திரி வந்துருச்சு.”

பெனிஷா பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்னத்தாய் அழவிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிரவீன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு பெனி. நீ போன் அடிச்சாலே மூட்டையை அப்படியே போட்டுட்டு ஓடுவேன். சொன்னா நீ இன்னும் பயந்துருவன்னு சிரிச்சு வச்சேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது, பின்பு சிரிப்பும் வந்தது. இனிமேல் சிரித்து வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரப் பரிசோதனையில், பெரியகுளம் அரசு மருத்துவமனை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார். “நீங்க பாத்ததெல்லாம் நூத்தெட்டைக் கூப்பிட்டவங்களை மட்டும்தான். நல்லபடியா பெத்தவங்க ஆட்டோல வந்து ஆட்டோல போயிடுறாங்க. அவங்களை நீங்க பாத்ததே இல்லை” என்றார். பயப்படுவது தப்பில்லை, தூங்கவிடாத பயத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதுதான் தப்பு என்று சொல்லி, அங்கேயே இருந்த மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்தாள். பிரஷர் பார்ப்பது டாக்டரிடம் மட்டும் என்று முடிவானது. நெஞ்சு படபடத்தால் மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழகினாள். ஒருநாள் நர்ஸ் அவளைப் பிரசவ அறைக்குக் கூட்டிப்போய்க் கட்டில், விளக்கு, குழந்தையை வைக்கும் மேசை எல்லாவற்றையும் காட்டினார். பயம் ஒரேயடியாகப் போகவில்லை. ஆனால் தூக்கம் வந்தது.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மா வந்தால் அம்மாவையே இவள் தேற்ற வேண்டியிருக்கும். அதனால் பிரவீனின் அக்கா அருள்செல்வியைக் கேட்டாள். அருள்செல்விக்கு ரத்தம் என்றால் ஆகாது. ஆனால் வாய் ஓயாது.

“நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மதினி. நடக்குறதைச் சொல்லிக்கிட்டே இருங்க, போதும்.”

அதுக்கென்ன, சும்மா இருக்கச் சொன்னால்தான் கஷ்டம் என்றாள் அருள்செல்வி.

ஒரு காலையில், பேறுகாலத்துக்கு வந்திருந்த ஜெயமங்கலத்து அம்மா வீட்டில் பனிக்குடம் உடைந்தது. ஆட்டோவில்தான் போனார்கள். அருள்செல்வி சொன்ன சொல் தவறவில்லை. நர்சம்மா கையுறை மாட்டுகிறார்கள், வெளியே பிரவீன் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்துவிட்டது, உன் அம்மா யாரோடோ சேர்ந்து ஜெபமாலை சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலிக்கு நடுவில் பெனிஷா ஒருமுறை சிரித்தும்விட்டாள்.

பிறகு கருவியில் பிள்ளையின் இதயத்துடிப்புச் சத்தம் வேகம் குறைந்து இறங்கியது. அதன் பொருள் அவளுக்குத் தெரியும். தெரியாத அருள்செல்வி பேசிக்கொண்டே இருந்தாள். பழைய பெனிஷாவாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள்.

“டாக்டர், எனக்குப் பயமா இருக்கு. என்ன நடக்குதுன்னு சொல்லுங்க.”

டாக்டர் அவளை இடதுபக்கம் திருப்பிக்கொண்டே சொன்னார்: தொப்புள்கொடி அழுந்துகிறது போலிருக்கிறது, திரும்பிப் படுத்தால் சரியாகும், ஆகாவிட்டால் ஆபரேஷனுக்கு எல்லாம் தயாராக இருக்கிறது. பெனிஷா மூச்சை மெதுவாக விட்டாள். அருள்செல்வி முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு அவள் தோளைப் பிடித்திருந்தாள். சத்தம் தடுமாறித் தடுமாறி மேலே ஏறி, பழையபடி குதிரை ஓட்டம்போல ஓடத் தொடங்கியது. மதியத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது. பெண். அழுகைச் சத்தம் கேட்டதும் அருள்செல்விதான் மயங்கி நாற்காலியில் சரிந்தாள். நர்ஸ் அவள் முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது.

விடுப்பு முடிந்து பெனிஷா மயிலாடும்பாறைக்குத் திரும்பினாள். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் விட்டவர்களின் வீட்டுப் போன் நம்பரை வாங்கிவைத்துக்கொண்டு, ஓய்வான நேரத்தில் விசாரிக்கிறாள். ஒருமுறை கெட்ட செய்தி வந்தது. அன்றும் சுருளிராஜன் வண்டியை அந்த டீக்கடையில் நிறுத்தினார். மற்றபடி பெரும்பாலும் நல்ல செய்திதான் வருகிறது.

போன வாரம் பிரசவ வலியோடு ஒரு சின்னப்பெண்ணை ஏற்றினார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வண்டி கிளம்பியதும் பெனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பயமாக இருக்கிறது என்றாள்.

“இருக்கும். எனக்கும் இருந்துச்சு,” என்றாள் பெனிஷா. “எதை நெனச்சுப் பயம்னு சொல்லு. ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிறேன்.”

வண்டி மலையடி ரோட்டில் மெதுவாக இறங்கியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.