பூச்சியம் போடாதவர்

சூடான பல்பில் தூசி கருகும் வாசனை வந்தால் எழுபதுகளின் ரொறன்ரோவுக்குப் போய்விடுகிறேன். நான் வேலைசெய்த பல்கலைக்கழக நூலகத்தின் மைக்ரோபிலிம் கருவிமுன், ஓவர்கோட்டைக் கழற்றாமலே குனிந்திருப்பார் எங்கள் ஊர்க்காரரான ஓர் ஆய்வாளர். வெள்ளைக்காரர் கால இலங்கையின் தேசிய வருமானத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது அவருடைய கைமுட்டி மேசையை மெல்ல இடித்துக்கொண்டேயிருக்கும். ஏனென்று நான் கேட்டதில்லை.

ஆய்வேட்டைக் கொடுக்கப்போன நாளில், பனி கொட்டும் நூலக வாசலில் நின்று சிரித்தார்.

"தேயிலைக்குக் கணக்கிருக்கு. வீட்டில பொம்பிளையள் இடிச்ச மாவுக்கு ஆதாரமில்லையாம். பூச்சியம் போடச் சொல்லுறார் பேராசிரியர்."

"போட்டீங்களோ அண்ணை?"

"இல்லை. உத்தேசமா ஒரு தொகை போட்டிட்டன்."

"ஐயோ, பட்டம் தராட்டி?"

குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"தராட்டி என்ன ஐசே, அம்மா இடிச்ச அந்த மாவைத் திண்டுதானே நான் வளர்ந்தனான்."